வடிகால் முதலில், வீடு அப்புறம்: வகுப்பில் ஒரு சிந்துவெளிச் சந்து கட்டலாம்

ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே சிந்துவெளி நாகரிகம் வந்துவிடுகிறது. ‘திட்டமிட்ட நகரம்’ என்று சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். திட்டம் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால் மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் மொகஞ்சதாரோவின் சந்து ஒன்றை மண்ணில் கட்டவைத்தே பாடம் நடத்துகிறேன். முதல் வருடம் வீடுகளைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் வடிகால் வெட்டினோம். தண்ணீர் ஊற்றியதும் இரண்டாவது வீட்டு வாசலில் குளம் கட்டி நின்றது. திட்டம் என்றால் என்ன என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் மண். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள் என்ற கணக்கில், வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மே மாதத்திலேயே களிமண் எடுத்து வைத்துவிடுங்கள். நம் டெல்டாக் களி தனியாகக் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நாலு பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து மிதித்துக்கொள்ளுங்கள்.

செங்கல் 1:2:4. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் உயரம், அகலம், நீளம் பெரும்பாலும் இந்த விகிதம்தான். 7, 14, 28 செ.மீ. என்ற அளவு பரவலாகக் கிடைக்கிறது. நமக்கு 1, 2, 4 செ.மீ. போதும். அச்சு வேண்டாம். 1 செ.மீ. கனத்துக்குத் தட்டிப் பரப்பி, ஸ்கேல் வைத்து நூலால் அறுப்பதே எனக்குப் பிடித்த வழி. காய்ந்தால் சுருங்கும். ஆனால் மூன்று பக்கமும் ஒரே வீதத்தில் சுருங்குவதால் விகிதம் அப்படியே நிற்கும். பிள்ளைகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 120 செ.மீ. வடிகாலுக்குத் தளம் 60, குத்துக்கல்லாக இரண்டு பக்கச் சுவர் 60, மூடி 60. சுருக்கத்துக்கும் உடைசலுக்கும் சேர்த்து 200 அறுங்கள். ஊர் வேளாரிடம் கொடுத்தால் பானைகளோடு சூளையில் வைத்துச் சுட்டுத் தருவார். சுடாத பச்சைக் கல்லில் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். மொகஞ்சதாரோ வடிகால்களும் சுட்ட கல்தான்.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. எல்லாம் இதில்தான் இருக்கிறது. மணலைப் பரப்பி, சந்தின் இரு முனையிலும் ஒரு குச்சி நடுங்கள். டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய டியூப்பின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்) இரண்டு குச்சியிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, கடைமடைப் பக்கத்தில் தளத்தை 2.5 செ.மீ. தாழ்த்துங்கள். செல்போன் செயலி வேண்டாம், ரசமட்டமும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கண்ணாடி டியூப்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒன்றே போதும். மட்டம் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

இரண்டாவது வருடம் இத்தனையும் செய்தும் தண்ணீர் தலைமடைக்கே திரும்பியது. மூன்று முறை பிரித்துக் கட்டினோம். காம்பவுண்டுச் சுவர் வேலைக்கு வந்திருந்த கொத்தனார் டியூப்பைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டினார். வளைவில் அடைத்து நின்றிருந்த காற்று மெல்ல மேலே ஏறியது. “குமிழி நின்னா மட்டம் பொய் சொல்லும் டீச்சர்” என்றார். ஒவ்வொரு முறையும் சுண்டிப் பார்த்த பிறகே குறியுங்கள்.

வடிகாலில் தண்ணீர் தங்காமல் ஓடிய பிறகு வீடுகள். வாசல் பெரிய தெருவைப் பார்த்து வேண்டாம். அங்கே பெரும்பாலும் சந்துப் பக்கம்தான் வாசல். குளியலறையைச் சந்துச் சுவரை ஒட்டி வைத்து, அதன் தண்ணீர் வடிகாலுக்கு வரட்டும். மூடிக் கற்களைப் பூசாதீர்கள். தூர் வாரத் தூக்க வேண்டும்.

“அப்ப கடைமடை வீட்டுக்கு எல்லார் அழுக்கும் வருமே டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். டெல்டாப் பிள்ளைக்குத் தோன்றும் கேள்வி இது. அதற்காகத்தான் அங்கே வடிகாலின் நடுவே கசடு தங்கும் குழிகள் வைத்திருந்தார்கள். ஒரு தீப்பெட்டி அளவுக்குக் குழி விட்டு, சேற்றுத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்.

மர்மத்தைக் கடைசியில் சொல்லுங்கள். ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர். எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அரண்மனை என்று உறுதியாகச் சொல்ல ஒரு கட்டடமும் இல்லை. பிறகு இரண்டு ஊருக்கும் ஒரே செங்கல் கணக்கை யார் சொன்னது? எங்கள் வகுப்பில் அரைமணி நேரம் சண்டை நடந்தது. நான் குறுக்கே பேசவில்லை.

பின்சேர்க்கை: பக்கத்தில் வேளார் யாரும் இல்லையே என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். வடிகாலுக்கு மட்டும் உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டுகளைப் பதியுங்கள், வீடுகள் பச்சைக் கல்லிலேயே இருக்கட்டும். ஓட்டின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருந்தால் இடுக்குகளைக் களியால் அடைத்தாலே தண்ணீர் ஓடும்.