கச்சான் காலத்தில் காட்டுப்பூப் படம்

வைகாசி தொடங்கி ஆவணி வரை திருகோணமலையில் கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. பூப்படத்துக்கு வெயிலைவிட இந்தக் காற்றுத்தான் எதிரி. காலை ஆறு மணிக்கே இடத்தில் நில்லுங்கள்.

பழக நல்லது உப்புவெளி, நிலாவெளி மணலில் படரும் அடம்பன் கொடி. காலையில் விரியும் பூ பின்னேரத்துக்குள் வாடிவிடும். குப்புறப் படுத்து, கமராவைப் பூவின் மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் பின்னணி முழுக்க மணல்தான். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/500 செக்கன். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) கூட்டுங்கள்; ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் ஆடும் பூ கலங்கிவிடும். ஃபோகஸ் பூவின் தொண்டையில், ஊதா கறுத்துத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். இதழ் வெளிறினால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 ஸ்டொப் குறையுங்கள்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். மணல் ஒட்டினால் முதலில் ஊதுபந்து, பிறகுதான் துணி. நேரே துடைத்தால் கண்ணாடி கீறும்.

கன்னியாப் பக்கம் பாறை ஏறுவதானால் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். கல் சுட முன்னம், பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். வழுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில், உதிரிக் கல்லில். அப்போது கமரா பைக்குள், இரு கையும் வெறுமையாக. எருக்கலையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணுக்குக் கூடாது. கார்த்திகைப்பூவுக்கு இப்போது அலைவது வீண். அது மாரியோடுதான் வரும்.