ஆயுத விற்பனைக்கு எதிராகப் பேசும் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசாவோ உக்ரைனோ சூடானோ, போர்ச் செய்தி வந்துவிட்டால் சென்னையில் ஏதாவது ஒரு சபையில் வாலிபர்கள் கூடிவிடுகிறார்கள். மெழுகுவத்தி, ஜெபம், கையெழுத்துப் படிவம் என்று வேலை வேகமாகத் தொடங்குகிறது. போர் நடக்கும் நாடுகளுக்கு ஆயுதம் விற்காதீர்கள், பேசித் தீர்க்க வழி பண்ணுங்கள் என்பதுதான் கோரிக்கை. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்றவரைப் பின்பற்றுகிற நாம் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் எங்கள் குழு தொடங்கிய காலத்துக் கோளாறுகளே புதிதாக வருகிறவர்களிடமும் திரும்பத் திரும்ப வருகின்றன. மைக் சரியில்லை, நோட்டீஸில் எழுத்துப்பிழை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். காரியத்தையே கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தொழிலாளியைக் கூண்டில் ஏற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. ஆவடிப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். பேச வந்த தம்பி படித்தவன், நல்ல மனசுக்காரன். ஏசாயா இரண்டாம் அதிகாரத்திலிருந்து பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் வசனத்தை வாசித்தான். அதுவரை சரி. அப்புறம் குரலை உயர்த்தி, "இந்த ஊரிலேயே டாங்க் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போடும் காணிக்கையிலும் ரத்தம் இருக்கிறது" என்றான்.

இரண்டாம் வரிசையில், கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேதாகமத்தை உறைக்குள் வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். மனைவியைப் பார்த்தார். இருவரும் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் பின்னால் இன்னும் சில குடும்பங்கள் போயின. படிவக் கட்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஹால் கேட்டபோது சேகரக் கமிட்டி கொடுக்கவில்லை.

பேச்சில் அன்பில்லை என்பது ஒரு பக்கம். விஷயமே தப்பு. விஜயந்தா, டி-72, டி-90, அர்ஜுன் என்று ஆவடியில் உருவானவை இந்திய ராணுவத்துக்கான டாங்குகள். நாம் கேள்வி கேட்பது போர் நடக்கும் நாடுகளுக்குப் போகும் ஏற்றுமதியைப் பற்றி. அதை முடிவு செய்கிறவர் தொழிற்சாலையில் இல்லை, டெல்லியில் இருக்கிறார். ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் ஆறாம் பிரிவில் போர்த் தளவாடங்கள் வருகின்றன. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு உற்பத்தித் துறை. வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார், அங்கிருந்து வேறு யார் கைக்காவது போகுமா என்றெல்லாம் அந்த மேஜையில்தான் கேட்க வேண்டும்.

ஏற்றுமதியும் சின்ன விஷயமாக இல்லை. 2023-24இல் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 21,083 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 23,622 கோடி. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன. நம் சபைப் பிள்ளைகள் இன்னும் நிறைய பேர் இந்த வேலைகளுக்குப் போவார்கள். அவர்களைத் துரத்திவிட்டு யாரை வைத்து இந்த இயக்கத்தை நடத்துவது? 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில், ஏமன் போருக்குப் பயன்படும் என்று சொல்லி, சவூதிக் கப்பலில் ராணுவச் சரக்கை ஏற்ற மறுத்தவர்கள் யார்? துறைமுகத் தொழிலாளர்கள்தான்.

பிறகு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். படிவத்தை வாங்கி முழுவதும் படித்தார். "இதுல எங்க வேலையைப் பத்தி ஒண்ணும் இல்லையே தம்பி. இதை முதல்ல கையில கொடுத்திருந்தா நானே நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன்" என்றார். அன்றைக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலமைச்சருக்கு மனு கொடுப்பது

வேண்டாம். ஏற்றுமதி அனுமதி ஒன்றிய அரசின் கையில்.

நீதிமன்றத்தை நம்பி உட்கார்ந்திருப்பது

இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்றது.

"பேசித் தீருங்கள்" என்று ஒரு வரியில் முடிப்பது

யார் பேசுவது, எங்கே, எத்தனை நாள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் கேட்கிறவர் நம்மை வெறும் நல்லெண்ணக்காரர் என்று நினைத்து அனுப்பிவிடுவார். கையில் மொசாம்பிக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அது. பெய்ரா பேராயர் ஜைமே கொன்சால்வஸும் ரோமில் உள்ள சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகத்தாரும், அரசையும் ரெனமோ கிளர்ச்சியாளர்களையும் 1990 ஜூலையில் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். படையும் பணமும் இல்லாதவர்கள். இருபத்தேழு மாதம் பொறுமையாகப் பேச்சை நடத்தினார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலை அதோடு நிற்கவில்லை. 1995இல் ஆங்கிலிக்கன் பிஷப் டினிஸ் செங்குலானே முன்னின்று, துப்பாக்கியை ஒப்படைக்கிறவர்களுக்குச் சைக்கிள், தையல் இயந்திரம், உழவுக் கருவி கொடுக்கும் திட்டத்தைச் சபைகள் நடத்தின. ஏசாயாவின் வசனத்தை அவர்கள் நடத்திக் காட்டியதாகவே நான் பார்க்கிறேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நாகாலாந்தின் பாப்டிஸ்ட் சபைகள் முன்கை எடுத்ததால்தான் ஜெயப்பிரகாஷ் நாராயண், அன்றைய அசாம் முதலமைச்சர் சாலிஹா, போதகர் மைக்கேல் ஸ்காட் ஆகியோரின் சமாதானக் குழு அமைந்தது. 1964 செப்டம்பரில் இந்திய அரசுக்கும் நாகா போராளிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. பேச்சு பின்னால் முறிந்தது, உண்மை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே முறிந்தது என்று தெரிந்தவர்களைத்தான் அதிகாரிகள் மதிப்பார்கள்.

நம் துக்கத்தை மட்டும் பேசுவது

1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. அதைப் பேசும்போது நம் தொண்டை அடைக்கிறது, அடைக்கத்தான் வேண்டும். அந்த விமானத்தை விற்றவனைக் கேட்கிற வாய், சூடானுக்குத் துப்பாக்கி விற்கிறவனையும் கேட்க வேண்டும்.

என்ன வேண்டும் என்று தெரியாமல் எம்.பி.யைப் பார்க்கப் போவது

போப் ஆறாம் பவுல் 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்தபோதே, ஆயுதச் செலவை ஏழை நாடுகளின் உதவிக்குத் திருப்புங்கள் என்று கேட்டார். போப் பிரான்சிஸ் 2015இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று, ஆயுதம் விற்று வரும் பணம் ரத்தத்தில் தோய்ந்தது என்றார். இதையெல்லாம் சொல்லுங்கள். ஆனால் எம்.பி. "சரி, நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள்.

2013 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை ஆயுத வர்த்தக உடன்படிக்கையை ஏற்றது. அதற்காக உலகத் திருச்சபைகள் மாமன்றமும் உழைத்தது. விற்கும் ஆயுதம் கடுமையான மனித உரிமை மீறலுக்குப் பயன்படும் ஆபத்து உண்டா என்று விற்கிற நாடே முன்கூட்டி ஆராய வேண்டும் என்கிறது அதன் ஏழாம் பிரிவு. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது, இதுவரை கையெழுத்திடவில்லை. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: ஏற்றுமதி அனுமதி தருவதற்கு முன் இப்படி ஓர் ஆபத்து ஆய்வு நம் விதிகளில் உண்டா, எந்தெந்த நாட்டுக்கான விண்ணப்பம் அந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது, உடன்படிக்கையில் சேர அரசுக்கு என்ன தடை? ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுங்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது பதினைந்து முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே எம்.பி. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், அவை கூடிய பிறகு போனால் நேரம் போதாமல் போகலாம்.