போட் எஞ்சினுக்கு கிராங்க்கும் கனெக்டிங் ராடும் பார்த்து எடுப்பது எப்படி

கார் எஞ்சினுக்கு சிக்னல் உண்டு, இறக்கம் உண்டு. போட் எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முழு லோடு ஏற்றிய லாரி திருப்பதி மலை ஏறுகிற மாதிரி, த்ராட்டிலைத் திறந்ததிலிருந்து மூடுகிறவரை ஒரே பாரம். காசிமேட்டுத் துறைமுக வாயைத் தாண்டி அலை மேல் ஏறும்போது புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அந்தப் பாரம் சட்டென்று போய்விடும், ஆர்பிஎம் தாவும். மறுபடி தண்ணீரைத் தொட்டதும் ஓர் அடி விழும். அதனால் கிராங்க்கை (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தொடர் பாரத்துக்காக எடுங்கள். ராடையும் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கம்பி) அதன் போல்ட்டையும் அந்தத் தாவலுக்காக எடுங்கள்.

மெர்குருசர் 7.4 லிட்டர் போட்டுகளில் வரும் செவ்ரோலே 454 பிக் பிளாக்கை வைத்தே கணக்குப் பார்ப்போம். போர் (சிலிண்டர் விட்டம்) 4.250 இஞ்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 4.000, ராடு நீளம் 6.135. பிஸ்டன், பின், ரிங், ராடின் சிறிய முனை எல்லாம் சேர்ந்து 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், 5,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை சுமார் 1.9 டன். 6,000இல் அது 2.7 டன். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இழுவை 44 சதவீதம் கூடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் வால்வு திறந்திருக்கும், பிஸ்டனைத் தடுத்து நிறுத்த மேலே அழுத்தம் எதுவும் இருக்காது. மொத்த இழுவையையும் இரண்டு போல்ட்தான் தாங்க வேண்டும்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். 4.250 இஞ்ச் கிராங்க் போட்டால் டார்க் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 5,500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 18.6 மீட்டரிலிருந்து 19.8 மீட்டராகிவிடும். பழைய வேகத்திலேயே நிறுத்த வேண்டுமானால் 5,180க்கு மேல் போகக் கூடாது. அதற்கேற்ற புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கிடைத்தால் மட்டும் ஸ்ட்ரோக்கர், அதாவது ஸ்ட்ரோக் கூடிய கிராங்க், போடுங்கள். 6.385 இஞ்ச் நீள ராடு அதற்குப் பொருந்தும், ஆனால் பிஸ்டனையும் சேர்த்து மாற்ற வேண்டும். ராடு போல்ட் தலைக்கும் பிளாக்குக்கும், ராடுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நடுவே குறைந்தது 60 தவ் இடைவெளி வேண்டும் (தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒன்று). பிளாக்கைத் தேய்த்து இடம் பண்ணும்போது வாட்டர் ஜாக்கெட் (குளிர்விக்கும் நீர் ஓடும் அறை) பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கிராங்க் ஃபோர்ஜிங்கா (அடித்து உருவாக்கியதா), வார்ப்பா என்று கண்ணாலேயே சொல்லலாம். வார்ப்பு கிராங்க்கின் கன்னத்தில் (ஜர்னல்களை, அதாவது பேரிங் உட்காரும் உருளைகளை, இணைக்கும் பக்கத் தட்டு) நூல் போல மெல்லிய கோடு ஓடும். ஃபோர்ஜிங்கில் விரலகலத்துக்குத் தேய்த்த தடம் இருக்கும். ஃபோர்ஜிங்கிலும் ஸ்டீல் முக்கியம்: 4340 ரகம், அதாவது நம் ஊரில் ஏறக்குறைய இஎன்24. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிராங்க் கிடைத்தால் முதலில் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டுங்கள். கோயில் மணி போல இழுத்து ஒலித்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், சத்தம் சப்பென்று அடங்கினால் விட்டுவிடுங்கள். மணிச்சத்தம் மட்டும் போதாது. மேக்னாஃபிளக்ஸ் கிராக் டெஸ்ட் (காந்தத்தால் விரிசலைக் கண்டுபிடிப்பது) கட்டாயம். பிறகு வி-பிளாக்கில் ஏற்றி நடு மெயினில் (பிளாக்கில் உட்காரும் ஜர்னல்) டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள், ஓட்டம் (நேரிலிருந்து விலகும் அளவு) 1 தவ்வுக்குள் இருக்க வேண்டும்.

பின் ஆயில் சீலையும் வாங்குமுன்பே பாருங்கள். 1991இல் வந்த ஐந்தாம் தலைமுறை பிளாக்கில் ஒற்றைத் துண்டு சீல், அதற்கு முந்தையதில் இரண்டு துண்டு. கிராங்க்கின் பின்முனையே வேறு. இரட்டை எஞ்சின் போட்டிலிருந்து கழற்றியதாக இருந்தால் அது எந்தத் திசையில் சுற்றியது என்று கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசை எஞ்சினின் சீலில் ஆயிலைத் திருப்பும் வரிகளும் எதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் ஆயில் வெளியே வரும்.

அம்பத்தூரில் கிரைண்டிங்குக்குக் கொடுக்கும்போது ஃபில்லட் ரேடியஸை எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். ஜர்னல் கன்னத்தோடு சேரும் அந்த வளைவில்தான் கிராங்க் உடைய ஆரம்பிக்கும். அவசரத்தில் கல்லை ஓட்டினால் வளைவு போய் மூலையாகிவிடும், அளவு மட்டும் சரியாக இருக்கும். வளைவு பெரிதானால் அதற்கேற்பப் பக்கம் சீவிய பேரிங் ஷெல் வேண்டும். ராடிலும் ஒரு பக்கம்தான் சீவியிருக்கும். ஒரே ஜர்னலில் இரண்டு ராடு உட்காருவதால், சீவிய பக்கம் கிராங்க் கன்னத்தைப் பார்க்க வேண்டும், தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாறிப் போனால் ஷெல் விளிம்பில் பளபளவென்று ஒரு கோடு விழும், கொஞ்ச நேரத்தில் பேரிங் எரியும்.

பேரிங் இடைவெளிக்குப் பொது விதி, ஜர்னல் விட்டத்தில் ஒவ்வொரு இஞ்சுக்கும் 1 தவ். சென்னையில் குளிர்விக்க வரும் கடல்நீரே 28, 29 டிகிரியில் வருகிறது. ஆயில் சூடாகவே ஓடும், கிராங்க்கும் தொடர் பாரத்தில் வளையும். அதனால் 2.200 இஞ்ச் ராடு ஜர்னலுக்கு 2.5 முதல் 2.8 தவ், 2.749 இஞ்ச் மெயினுக்கு 3 தவ் ஒட்டி வையுங்கள். பேரிங் மூடியான கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, டயல் போர் கேஜைக் கேப் இணைப்புக்குச் செங்குத்தாக வைத்து அளங்கள். தகரக் கூரைப் பட்டறையில் நடுப்பகலில் அளக்காதீர்கள். 10 டிகிரி வித்தியாசம் 70 மில்லிமீட்டர் ஜர்னலை ஒரு தவ்வில் மூன்றில் ஒரு பங்கு மாற்றும். கிராங்க், பிளாக், மைக்ரோமீட்டர் மூன்றும் ஓர் இரவு ஒரே அறையில் கிடக்கட்டும், காலையில் அளக்கலாம்.

ராடின் குறுக்குவெட்டு எச்-பீமா ஐ-பீமா என்ற சண்டையில் நேரம் போக்க வேண்டாம். சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கு 4340 ஃபோர்ஜிங் எச்-பீம் நன்றாகவே உழைக்கும். அலுமினிய ராடு நீண்ட ஓட்டத்தில் களைத்துப்போகும், கடல் போட்டுக்கு வேண்டாம். பணத்தை போல்ட்டில் போடுங்கள். ஏஆர்பி நிறுவனத்தின் ஏஆர்பி 2000 ரக போல்ட் போதும். வலு அதிகம் என்று அதே நிறுவனத்தின் எல்19 ரகத்தை வாங்கிவிடாதீர்கள். ஈரம் பட்டால் அந்த ஸ்டீல் உள்ளுக்குள் நொறுங்குதன்மை அடையும், நம் கடற்காற்றில் அதற்கு இடமில்லை.

பேலன்ஸையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். 454இன் எடைச் சமன் கிராங்க்குக்கு வெளியே, டாம்பரிலும் (கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) ஃபிளைவீலிலும் இருக்கிறது. உள்சமன் செய்த கிராங்க்கை வாங்கிவிட்டுப் பழைய டாம்பரையே மாட்டினால் அதிர்வு தாங்காது.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் மட்டும் நம்பி இறுக்காதீர்கள். பூசுகிற ஆயில் மாறினாலே அதே டார்க்கில் இறுக்கம் மாறும். ஸ்ட்ரெட்ச் கேஜ் (போல்ட் நீள்வதை அளக்கும் கருவி) போட்டு, போல்ட்டோடு வந்த அட்டையில் உள்ள நீட்சிக்கு வரும்வரை இறுக்குங்கள். இறுக்குமுன் ஒவ்வொரு போல்ட்டின் தளர்ந்த நீளத்தையும் சிலிண்டர் எண்ணோடு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எஞ்சினைத் திறக்கும்போது மறுபடி அளந்து பாருங்கள். 1 தவ் நீண்டிருந்தாலும் அந்த போல்ட் குப்பைக்கு.