முதுகுவலிக்கு யோகா செய்பவர்கள் தவறும் இடங்கள்

மொரிஷியஸில் தைப்பூசம் நெருங்கினால் எங்கள் யோகா வகுப்புக்கு இடுப்பைப் பிடித்தபடி நாலைந்து பேர் புதிதாக வருவார்கள். காவடி எடுக்க வேண்டும், அதற்குள் வலி போக வேண்டும் என்பார்கள். என்ன கோளாறு என்று கேட்டால் "சியாத்திக்" என்பார்கள். காலுக்கு இறங்கும் வலிக்குத்தான் அந்தப் பெயர். வலி எதனால் வருகிறது என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆசனத்தில் இறங்குவதுதான் பெரிய தவறு.

முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி நரம்பை அழுத்தினால், பெரும்பாலும் குனியக் குனிய வலி கூடும். உட்கார்ந்தாலும் கூடும், கொஞ்சம் நடந்தால் பலருக்குக் குறையும். வயதானவர்களுக்கு வரும் தண்டுவடக் குழாய்ச் சுருக்கம் இதற்கு நேர் எதிர். நின்றால், நடந்தால் கால் கடுக்கும், மரத்துப்போகும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் இதமாக இருக்கும். பின்னால் வளையும்போது அந்தக் குழாய் இன்னும் குறுகிவிடுகிறது. அதனால் முதலாமவருக்குக் கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் ஆகாது, இரண்டாமவருக்குக் குப்புறப் படுத்துப் பின்னால் வளையும் புஜங்காசனம் ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவைக் குணமாக்கிய ஆசனமே உங்களைப் படுக்கையில் தள்ளிவிடலாம். எலும்பு மெலிந்தவர்கள் ஆழமாக முன்குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்கவும் கூடும். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள்.

அடுத்தது நேரம். விடிந்ததும் சூரிய நமஸ்காரம் என்பது நம்மவர் பழக்கம். ஆனால் இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். காலையில் நம் உயரமே 1 செ.மீ. அளவுக்குக் கூடியிருக்கும். அந்த நிலையில் குனிந்தால் டிஸ்க் மேல் அழுத்தம் மிக அதிகம். டிஸ்க் பிதுங்கியவர்கள் எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு பயிற்சிக்கு வாருங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வதும் தவறு. வலி பாதத்திலிருந்து விலகி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. இடுப்பிலிருந்து கெண்டைக்கால், விரல் என்று கீழே இறங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். போன வருடம் ஒருவர் கால்விரல் சுண்டி இழுத்தும், நரம்பு நன்றாக இழுபடுகிறது என்று நினைத்துப் பதினைந்து நாள் சொல்லாமலே குனிந்தார். நானும் கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு ஆசனத்துக்கும் பிறகு "வலி எங்கே?" என்று கேட்டுவிடுகிறேன்.

சவாசனத்திலிருந்து நேராக எழாதீர்கள், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள்.

சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அது யோகாவுக்கான வேளை அல்ல. உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காவடியா? வலி காலில் இருக்கும்வரை தோளில் பாரம் வேண்டாம். கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குச் சின்னச் செம்பில் பால் கொண்டு போனாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். படிகளில் நின்று நின்று ஏறுங்கள், செம்பை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.