பாட்டிமார் பேசும் பழைய காசுக் கணக்கு

இங்கிலாந்துக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்திருக்கிறீர்களா? ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் இங்குள்ள எண்பது வயதுக்காரர்களின் பேச்சு முதலில் பிடிபடாது, அதுவும் காசு விஷயத்தில். 1971 பிப்ரவரி 15 வரை இங்கே ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. நம் ஊரில் அணா ஒழிந்த பிறகும் எட்டணா என்ற பேச்சு நின்றதா என்ன?

எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது 'ஸ்பெண்ட் எ பென்னி'. ஒருவர் அப்படிச் சொன்னால் பர்ஸை எடுத்துக் கொடுக்காதீர்கள், கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும், அதிலிருந்து வந்த பேச்சு. கூச்சப்பட்டு நேராகச் சொல்லாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். வாக்கரைப் பிடித்து மெதுவாக நடப்பவருக்கு நீங்கள் யோசிக்கிற இரண்டு நிமிடமே அதிகம். உடை நனைந்துவிட்டால் அவர் மனது எவ்வளவு நோகும்! அவர் சொல்லும் வார்த்தையைப் பராமரிப்புக் குறிப்பில் அப்படியே எழுதி வையுங்கள், இரவு ஷிஃப்டுக்கு வருபவருக்கும் உதவும்.

அப்புறம் கடைக் கணக்கு. 'பாப்' என்பது ஷில்லிங், இன்றைய 5 பென்ஸ். 'டென் பாப்' என்றால் 50 பென்ஸ். 'குவிட்' என்றால் பவுண்டு, இதை இளையவர்களும் சொல்வார்கள். 'டேனர்' பழைய ஆறு பென்னி, 'டென்னர்' பத்து பவுண்டு. காதில் இரண்டும் ஒன்றுபோல விழும். அதனால் கடைக்குப் போகக் காசு வாங்கும்போது தொகையை எண்ணாகத் திருப்பிச் சொல்லி, மீதியையும் ரசீதையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

'எ ஃப்யூ பாப்' கேட்க அற்பக் காசு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பொருளைக் காட்டி அப்படிச் சொன்னால், பெரும்பாலும் நல்ல விலை பெறும் என்று அர்த்தம்.

'எ குவார்ட்டர் ஆஃப் மின்ட்ஸ்' என்று மிட்டாய் கேட்டால் கால் பவுண்டு எடை, 113 கிராம். கடையில் 100 கிராம் என்று கேளுங்கள், சரியாக இருக்கும். தேநீருக்கு 'ஸ்மிட்ஜன்' சர்க்கரை என்றால் துளியூண்டு. நீரிழிவு உள்ளவரா என்று மட்டும் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.