கரி அடுப்பில் முதல் சமையல்: தீயை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்

கேஸ் அடுப்பில் சூடு கூடிப்போனால் குமிழைத் திருகிக் குறைத்துவிடலாம். கம்பிமேல் உணவை வைத்துச் சுடும், மூடி போட்ட கரி அடுப்பில் (பார்பெக்யூ அடுப்பு) அந்த வசதி இல்லை. புதிதாக இறங்குபவர்களில் பலரும் அடுப்பு முழுக்கக் கரியைப் பரப்பி, அது கொழுந்துவிட்டு எரியும்போதே கோழியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வெளியே கருகல், உள்ளே பச்சை. "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று அடுப்பு மூலைக்குப் போய்விடும்.

கை பழகாததல்ல இங்கே சிக்கல். உணவை நகர்த்தி வைக்க இடமே இல்லாமல் போனதுதான். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விட்டாலே பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஓர் ஏற்பாட்டை ஒட்டித்தான். ஒருமுறை மூட்டிய கரியிலேயே கோழி, உருளைக்கிழங்கு, காய்கறி என்று ஒரு வேளைச் சாப்பாட்டையே முடிக்கும் வழியும் இதில் உண்டு.

தொடங்கும் முன் ஒன்று. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். வீட்டுக்குள், கார் நிறுத்தும் கொட்டகைக்குள், கூடாரத்துக்குள் கரி மூட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்ற சமாதானமும் உதவாது. சமையல் முடிந்து அணைந்துகொண்டிருக்கும் கங்கும் இந்த வாயுவை விடும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை உள்ளே தூக்கி வராதீர்கள். திறந்த வெளியில், சுவரையும் உலர்ந்த செடிகளையும் விட்டுத் தள்ளி, ஆடாத சமதளத்தில் அடுப்பு நிற்கட்டும்.

1. கரி வாங்குவது

கரி இரண்டு விதம். மரத்துண்டு வடிவம் மாறாமல் இருக்கும் மரக்கரி ஒன்று. கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த பிரிக்கெட் இன்னொன்று. மரக்கரி சீக்கிரம் பிடிக்கும், உக்கிரமாக எரியும், சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் சூடு ஏறி இறங்கும். பிரிக்கெட் பிடிக்க நேரமாகும். பிடித்துவிட்டால் ஒரு மணி நேரம் சீராக நிற்கும். முதல் சில தடவைக்கு பிரிக்கெட்டே என் தேர்வு. சூடு எப்படி நடந்துகொள்கிறது என்று பிடிபட்ட பிறகு மரக்கரிக்குப் போகலாம். எண்ணெய் தோய்த்து, தீக்குச்சி காட்டினாலே பற்றும் வகையும் விற்கிறது. அதன் வாடை உணவில் ஏறுவதால் நான் தொடுவதில்லை.

கருவிகளில் நீளமான இடுக்கி, தடித்த கையுறை, உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, கரி பற்றவைக்கும் சிம்னி ஆகிய நான்கும் போதும். பெரிய பெட்டியில் போட்டு விற்கும் கரண்டி, முள், தூரிகைத் தொகுப்புகள் பாதி ஆணியில் தொங்கத்தான் உதவும்.

2. பற்றவைப்பது

சிம்னி என்பது இருபுறமும் திறந்த, நடுவில் தட்டு வைத்த தகரக் குழாய், அவ்வளவுதான். மேல்பகுதியில் கரியை நிரப்புங்கள். கீழே இரண்டு செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கித் திணியுங்கள். இறுக்கித் திணித்தால் காற்று போகாது. அடுப்பின் அடிக்கம்பி மேல் நிறுத்தி, காகிதத்துக்குத் தீ வையுங்கள். சூடான காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக் காற்று உள்ளே இழுபடும். தீ தானாக மேலேறும். விசிற வேண்டாம், ஊத வேண்டாம்.

முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையில் சமைத்தால் கசக்கும். 15 முதல் 20 நிமிடத்தில் புகை மெலிந்து, மேல்வரிசைக் கரியின் விளிம்பில் சாம்பல் படரும். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அந்தப் பதம். கையுறை போட்டுக்கொண்டு கரியைக் கொட்டலாம்.

சிம்னி இல்லையென்றால் கரியைக் கூம்பாகக் குவித்து, அடியில் தீமூட்டும் வில்லை ஒன்று வைத்துப் பற்றவையுங்கள். 30 நிமிடம் வரை ஆகலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம். கரிக்கென்றே விற்கும் திரவமாக இருந்தாலும், ஒருமுறை தீ பிடித்த கரிமேல் ஊற்றக் கூடாது. தீ அந்த ஊற்று வழியே ஏறி உங்கள் கைக்கே வரும்.

3. ஒரு பக்கம் கங்கு, ஒரு பக்கம் காலி

கங்கை அடுப்பின் ஒரு பாதியில் இரண்டு அடுக்காகக் குவியுங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். அங்கே ஒரு தகரத் தட்டு வைத்தால் சொட்டும் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். 57 செ.மீ. விட்டமுள்ள வட்ட அடுப்புக்கு ஒரு சிம்னி நிறையக் கரி சரியாக இருக்கும்.

இப்போது உங்களிடம் இரண்டு அடுப்பு. கங்குக்கு நேர் மேலே மெல்லிய துண்டுகள், காய்கறி, நிறம் ஏற வேண்டியவை. காலிப் பக்கத்தில், மூடி போட்டு, எலும்போடு இருப்பவை, தடிமனானவை, பொறுமையாக வேக வேண்டியவை. எது கருகத் தொடங்கினாலும் இடுக்கியால் காலிப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். நீங்கள் தேடிய குமிழ் இதுதான்.

4. காற்றும் மூடியும்

கரிக்கு எவ்வளவு காற்று கிடைக்கிறதோ அவ்வளவு சூடு. அடியில் இருக்கும் காற்றுத் துளை தீயை ஆள்கிறது. மூடியில் இருக்கும் துளை புகையை வெளியேற்றுகிறது. மேல்துளையைப் பாதிக்குக் குறையாமல் திறந்தே வைத்து, கீழ்த்துளையால் கூட்டிக் குறைப்பது சுலபம். மேலே முழுக்க அடைத்தால் புகை தேங்கி உணவு கசக்கும். மூடியைப் போடும்போது மேல்துளை உணவு இருக்கும் பக்கம் வரட்டும். கங்கிலிருந்து கிளம்பும் சூடு உணவைத் தடவிக்கொண்டு வெளியேறும். துளையை மாற்றியதும் பலனை எதிர்பார்க்காதீர்கள், ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

சற்று நேரத்துக்கு ஒருதரம் மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம். திறந்தால் உள்ளே சேர்ந்த சூடு போய்விடும். அதேசமயம் கங்குக்குக் காற்று கிடைத்து அது வேகமாக எரிந்து தீரும். இரட்டை நஷ்டம். 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற அமெரிக்கர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்த மிதவைகளின் அரைக்கோளங்களைக் கொண்டு மூடி போட்ட உருண்டை அடுப்பை உருவாக்கியதே காற்றும் தீயும் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றுதான். அந்த மூடியைத் திறந்தே வைப்பதானால் திறந்த தட்டு அடுப்பே போதுமே!

5. சூட்டைக் கையால் அளப்பது

கம்பிக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மேலே உள்ளங்கையைப் பிடியுங்கள். சூடு தாங்காமல் 2, 3 விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு; 5, 6 விநாடி தாங்கினால் நடுத்தரம்; 8 முதல் 10 விநாடி என்றால் மிதம். மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை முழுக்க நம்ப வேண்டாம். அது மூடியின் உச்சியில் உள்ள சூட்டைச் சொல்கிறது; உங்கள் கோழி இருப்பது கீழே, கம்பியில்.

6. கம்பியும் உணவும்

மூடி போட்டு ஐந்து நிமிடம் கம்பியைக் காயவிட்டால் பழைய பிசுக்கு பொரிந்துவிடும். பிறகு தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்பு இழைத் தூரிகை வேண்டாம். உதிரும் இழை உணவோடு வயிற்றுக்குள் போன சம்பவங்கள் உண்டு. கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தாலே போதும்.

ஈரமான கறியில் நிறம் ஏறாது. தண்ணீர் ஆவியாகும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வருவதோ சுமார் 140 டிகிரிக்கு மேல். அதனால் துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவி, உணவின் மேலேயே லேசாக எண்ணெய் பூசுங்கள். சர்க்கரை, தேன், தக்காளி சாஸ் கலந்த பூச்சு எதுவானாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு என்று எடுத்து வையுங்கள். முதலிலேயே பூசினால் கறி வேகும் முன் அது கரியாகிவிடும்.

மரக்குச்சியில் கோப்பதானால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்த கறியை எடுக்காதீர்கள். கறி ஊறிய மசாலாச் சாறு மிஞ்சினால் கொதிக்க வைக்காமல் மேலே ஊற்றவும் கூடாது.

7. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரே கரியில்

நால்வருக்குக் கணக்கு: தோலோடும் எலும்போடும் உள்ள எட்டு கோழித் தொடைத் துண்டு, நான்கு உருளைக்கிழங்கு, இரண்டு குடைமிளகாய், இரண்டு பெரிய வெங்காயம், கொஞ்சம் காளான். நெஞ்சுக்கறியை முதல் தடவையிலேயே எடுக்காதீர்கள். இரண்டு நிமிடம் தவறினாலும் சக்கையாகிவிடும். தொடையில் கொழுப்பு அதிகம், ஐந்து நிமிடம் கூடினாலும் ஒன்றும் ஆகாது.

கரி பிடித்துக்கொண்டிருக்கும்போதே உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி உப்பு நீரில் பத்து நிமிடம் அரைவேக்காடு வேகவைத்து வடித்து, எண்ணெய் பூசி வையுங்கள். முழுக் கிழங்கைக் கங்கோரம் புதைத்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். பசித்தவர்கள் அவ்வளவு பொறுக்க மாட்டார்கள்.

கோழியைக் காலிப் பக்கத்தில், தோல் மேலே பார்க்க வைத்து, மூடியைப் போடுங்கள். 20 நிமிடம் தொடாதீர்கள். பிறகு திறந்து, கங்குக்கு அருகில் இருந்த துண்டுகளைத் தள்ளியும் தள்ளி இருந்தவற்றை அருகிலும் மாற்றி வையுங்கள். மரக்கரி என்றால் இந்தச் சமயத்தில் கங்கின் ஓரத்தில் இரண்டு பிடி புதுக் கரி போடுங்கள், தானாகப் பிடித்துக்கொள்ளும். மீண்டும் மூடி, இன்னொரு 15 முதல் 20 நிமிடம். எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தும்போது 74 டிகிரி காட்டினால் சாப்பிடலாம். தொடைக்கறி 80ஐத் தாண்டினால்தான் மெத்தென்று எலும்பை விட்டு வரும் என்பது என் ருசி.

இப்போது துண்டுகளைத் திருப்பி, தோல் கீழே இருக்கும்படி கங்கின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். அருகிலேயே நில்லுங்கள். தோலின் கொழுப்பு சொட்டியதும் தீ மேலே எழும்பும். பதறித் தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும், ஆவி கையைச் சுடும். கோழியைக் காலிப் பக்கத்துக்குத் தள்ளி மூடியைப் போடுங்கள். காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். தோல் மொறுமொறுப்பானதும் எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம்.

கோழி ஆறும் அந்த இடைவெளிதான் காய்கறிக்கு. மூடியை எடுத்துவிட்டு, கீழ்த்துளையை முழுக்கத் திறந்து, கங்கைக் கிளறிச் சாம்பலை உதிர்த்தால் நான்கைந்து நிமிடத்தில் சூடு திரும்பும். கிழங்கை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி முதலில் வையுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். அதோடு குடைமிளகாயை அகலத் துண்டுகளாக, வெங்காயத்தைத் தடித்த வட்டங்களாக வெட்டி வையுங்கள். வெங்காயத்தின் குறுக்கே ஒரு குச்சி செருகினால் வளையங்கள் பிரிந்து விழாது. எட்டு முதல் பத்து நிமிடம், ஒருமுறை திருப்பல். காளானுக்கு இன்னும் குறைவு. எல்லாம் தட்டுக்கு வந்ததும் எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.

மீன் சுட ஆசைப்படுபவர்களுக்கு: கம்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தோல் பக்கம் முதலில், எண்ணெய் தாராளமாக. போட்டதும் கிளப்பிப் பார்த்தால் ஒட்டிக் கிழியும். மூன்று நான்கு நிமிடம் கழித்து லேசாகத் தூக்குங்கள். பொரிந்திருந்தால் தானே விடும், விடாவிட்டால் இன்னும் ஒரு நிமிடம்.

8. வெந்ததா, இல்லையா

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், கொத்துக்கறியில் பிடித்த உருண்டைக்கும் தட்டைக்கும் 71, மீனுக்கு 63. ஆடு, மாடு, பன்றியின் முழுத் துண்டுக்கு 63 வந்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்துக்கறிக்கு ஏன் கூடுதல்? முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது. மிகவும் கருகிய பகுதியைச் சுரண்டி எறிந்துவிடுங்கள், உடம்புக்கு ஆகாது.

9. அணைப்பது

சமைத்து முடிந்ததும் மேல், கீழ்த் துளைகள் இரண்டையும் அடைத்து மூடியைப் போட்டுவிடுங்கள். காற்றில்லாமல் கங்கு அணைந்து, எரியாத கரி மிஞ்சும். அடுத்த தடவை சாம்பலை உதறி, புதுக் கரியோடு கலந்து சிம்னியில் போடலாம். மரக்கரியில் இந்த மிச்சம் நன்றாகவே கிடைக்கும்.

சாம்பலை அன்றே அள்ளாதீர்கள். மேலே குளிர்ந்திருந்தாலும் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும்; 48 மணி நேரம் விட்டுவிடுவது வழக்கம். பிறகு மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். பிளாஸ்டிக் வாளியோ குப்பைப் பையோ கூடாது. மிஞ்சிய கரி மூட்டையின் வாயை இறுகக் கட்டி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நமுத்த கரி அடுத்த முறை சிம்னியில் புகையைத்தான் கக்கும்.