முன்னுரையில் மைக் டெஸ்டிங்: கதையும் கட்டுரையும் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்த் திருவிழாவில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் மேடைக்கு வந்து மைக்கைத் தட்டுவார். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்ப்பதில்லை. கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மைக்செட்காரர் ஞாபகம்தான் வரும். முதல் பத்தி முழுக்க மைக் டெஸ்டிங். நிகழ்ச்சி இரண்டாம் பத்தியில்தான் ஆரம்பிக்கும். சிலருக்கு மூன்றாம் பத்தியில்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் தாளைப் பார்த்ததும் பெரியவர்களுக்கே கை ஓடாது. எதையாவது எழுதியாக வேண்டுமே என்ற அவசரத்தில் ஏற்கெனவே பழகின வரி தானாக வந்து விழுகிறது: "அறிவியல் வளர்ச்சி அடைந்துள்ள இன்றைய உலகில் கணினி இன்றியமையாத ஒன்றாகத் திகழ்கிறது."

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 'கணினி'யை எடுத்துவிட்டு 'நூலகம்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்துகிறது. 'மரம்', 'யோகா', 'சாலைப் பாதுகாப்பு' எதைப் போட்டாலும் பொருந்தும். ஒருமுறை வகுப்பில் இந்த வரியைப் பலகையில் எழுதி, நடுவில் கோடிட்ட இடம் விட்டு நிரப்பச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து "பரோட்டா!" என்று குரல் வந்தது. அதுவும் பொருந்தியது. இப்படி எதற்கும் பொருந்துகிற வரியைத் தயங்காமல் அடித்துவிடலாம். கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் வராது.

இந்த வரிக்கு உறவுக்காரர்கள் நிறைய. "மனிதன் தோன்றிய காலம் தொட்டு...", "மனிதன் ஒரு சமூக விலங்கு", "உலகம் இன்று உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது". தெருமுனைக் குப்பைத் தொட்டியைப் பற்றி எழுத ஆதிமனிதனிலிருந்து கிளம்பினால், தொட்டிக்கு வந்து சேர்வதற்குள் பக்கம் முடிந்துவிடும்.

தண்ணீர்ச் சிக்கனம் என்று ஒரு தலைப்பு கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் "நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்" என்றுதான் தொடங்குவார்கள். சரி, மேற்கோள் நல்லதுதான். ஆனால் 20ஆம் குறள் அங்கே முடியவில்லை. "நீர்இன்று அமையாது உலகெனின்" என்று தொடங்கி, "வான்இன்று அமையாது ஒழுக்கு" என்று போய் நிற்கிறது. அந்த 'ஒழுக்கு' நீரோட்டமா, மனிதரின் ஒழுக்கமா என்று உரைகாரர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தண்ணீர் லாரி வருகிற தெருவில் குட வரிசையில் நடக்கும் சண்டையை நேரில் பார்த்த பிள்ளைக்கு இரண்டாவது பொருள் சட்டென்று பிடிபடும். அந்தச் சண்டையில் தொடங்கி, குறளின் பின்பாதிக்கு வந்தால் அது கட்டுரை. எல்லோரும் எழுதுகிற முன்பாதியை மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் "எனவே நீரைச் சேமிப்போம்" என்று தாவினால், வள்ளுவர் வாசலில் நின்றுவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம்.

குறளே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. இப்படித் தொடங்கலாம்:

"2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் வந்தது. 50 வேகன்கள். ஒரு பயணிகூட இல்லை. வந்தது அத்தனையும் குடிதண்ணீர், 25 லட்சம் லிட்டர்."

இதில் 'இன்றியமையாத' என்ற சொல் இல்லை. அது இல்லாத குறையும் தெரியவில்லை. ஏரிகள் வறண்ட ஒரு கோடையில் ஒரு நகரத்துக்கு ரயிலில் தண்ணீர் போனது என்கிற செய்தி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

மேற்கோளில் இன்னொரு ஆபத்து, தப்பாக எழுதுவது. முதல் வரியிலேயே தப்பு என்றால், திருத்துகிறவருக்கு மீதி இரண்டு பக்கத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற புறநானூற்று வரியைப் பாதிப் பேர் "கேளீர்" என்று எழுதுகிறார்கள். கேளிர் என்றால் உறவினர். கேளீர் என்றால் கேளுங்கள் என்று பொருள். ஒரு சுழி மாறினதும் கணியன் பூங்குன்றனார் ஊரைக் கூட்டி அறிவிப்புச் செய்கிறவராக மாறிவிடுகிறார். "தமிழன் என்று சொல்லடா, தலைநிமிர்ந்து நில்லடா" நாமக்கல் கவிஞருடையது. அதைப் பாரதியார் கணக்கிலோ பாரதிதாசன் கணக்கிலோ எழுதாத பேச்சுப்போட்டியை நான் பார்த்ததில்லை. அப்துல் கலாம் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எல்லாம் நம்ப வேண்டாம். சொன்னவர் யார் என்று நிச்சயமாகத் தெரியாத மேற்கோளை எழுதாமல் விடுவதே நல்லது. மதிப்பெண் குறையாது.

தலைவர்களைப் பற்றிய கட்டுரைக்கு வருவோம். "பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார்." தகவல் எல்லாம் சரி. ஆனால் பிறந்தது எல்லோருக்கும் நடப்பதுதானே? அவருக்கு மட்டும் நடந்தது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம்:

"1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்குத் தற்காலிகமாக ஒரு தமிழாசிரியர் வந்தார். வயது 21. மூன்று மாதமும் சில நாளும் பாடம் நடத்திவிட்டு, பத்திரிகை வேலைக்கு என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டார். தங்களுக்குப் பாடம் எடுத்தவர் யார் என்று அந்தப் பையன்களுக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை."

பெயரை இன்னும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த வரியில் சொன்னால் போதும். பிறந்த தேதி எங்கே போகும் என்று கேட்பீர்கள். 'பிறப்பும் இளமையும்' என்று ஓர் உட்தலைப்பு எப்படியும் வரத்தான் போகிறது. அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வியோடு தொடங்கச் சொல்லி இப்போது நிறையப் பேர் கற்றுக்கொடுக்கிறார்கள். அதனால் "மரங்கள் இல்லாத உலகத்தை நீங்கள் கற்பனை செய்ததுண்டா?" என்று ஒரே அச்சில் கேள்விகள் வருகின்றன. இதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடலாம். பதில் முன்பே தெரிந்த கேள்வியால் பயன் கிடையாது. எழுதுகிறவருக்கே விடை தெரியாமல் உறுத்துகிற கேள்வி என்றால் கேளுங்கள். "எங்கள் தெருப் புளியமரத்தை வெட்டியவர்கள் அதன் அடியிலிருந்த பிள்ளையாரை மட்டும் ஏன் வெட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

"பற்றி இக்கட்டுரையில் காண்போம்" என்ற வரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தலைப்பு மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது. வேறு எதைக் காணப்போகிறோம்?

இனி கதை. கதைகளில் நடக்கிற கூத்து தனி.

முதல் எதிரி சூரியன். இரண்டாவது அலாரம். ஒன்று, "கிழக்கே ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டினான்", இல்லாவிட்டால் "டிரிங்... டிரிங்... அலாரம் ஒலித்தது. ராமு சோம்பல் முறித்தபடி எழுந்தான்." ராமு பல் தேய்த்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் வரைக்கும் ஒன்றுமே நடக்காது. (இந்த ராமுவும் சோமுவும் எங்கிருந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். என் வகுப்புகளில் ஒரு ராமுகூட உட்கார்ந்ததில்லை.)

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆண்டு மலருக்கு ஒரு கதை கொடுத்தான். முதல் பத்தியில் ஆதவன், பறவைகள், சில்லென்ற தென்றல். நடப்பதோ மார்கழி மாதம். மார்கழியில் வாடைதான் வீசும், தென்றலுக்கு அப்போது இங்கே வேலை இல்லை. இரண்டாம் பத்தியில் அறிமுகம்: "ராமு நல்லவன். பெரியோர் சொல் கேட்பவன். அவன் தாத்தாவுக்கு வயது எழுபது. அவரிடம் பழைய சைக்கிள் ஒன்று இருந்தது." ரேஷன் கார்டில் குடும்ப உறுப்பினர் விவரம் மாதிரி. மூன்றாம் பத்தி இப்படித் தொடங்கியது:

"தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் சைக்கிளில் பெல் இல்லை. யாரோ கழற்றிவிட்டார்கள்."

திருத்திக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சாவு வீட்டில் பெல்லைக் கழற்றியது யார்? திருடனா, இல்லை சொந்தக்காரர் யாராவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டாரா? அத்தனை கூட்டத்தில், அழுகைச் சத்தத்தில், இந்தப் பையன் ஏன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான்? ஒரு வரியில் இத்தனை கேள்வி. தாத்தாவின் வயதையும் பேரனின் நற்குணத்தையும் யாரும் கேட்கவே இல்லை. தாத்தா இறந்துவிட்டார் என்று அவன் எழுதக்கூட இல்லை. "தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டான். அதனால்தான் அந்த வரி அப்படி நிற்கிறது.

அவனைக் கூப்பிட்டு, மேலே உள்ள இரண்டு பத்தியையும் கையால் மறைத்து, இங்கிருந்து படி என்றேன். படித்தான். "ஐயா, முன்னுரை இல்லாம எப்படிங்கய்யா?" என்று கேட்டான். அவனுக்கு முன்னுரை என்பது வாசலில் போடுகிற கோலம் மாதிரி. போடாமல் வீட்டுக்குள் ஆளைக் கூப்பிடக் கூடாது. அவனுக்கு அதை அப்படிச் சொல்லிக்கொடுத்தது எங்களைப் போன்றவர்கள்தான்.

அன்றிலிருந்து எந்தக் கதை வந்தாலும் முதல் வேலையாக மூன்றாம் பத்தியின் முதல் வரியைத்தான் பார்க்கிறேன். பல நேரம் கதையின் உண்மையான தொடக்கம் அங்கேதான் ஒளிந்திருக்கும். நீங்களும் உங்கள் பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். "டமால்!" "ஐயோ! ரத்தம்!" என்று ஆரம்பித்து, நாலாவது வரியில் அது தக்காளிச் சாறு என்பார்கள், அல்லது கதாநாயகன் திடுக்கிட்டு விழிப்பான், எல்லாம் கனவு. படிக்கிறவருக்கு ஏமாந்த எரிச்சல்தான் மிஞ்சும். முதல் வரி கிளப்பின ஆவலுக்குக் கதை பதில் சொல்ல வேண்டும். பெல் காணாமல் போனது என்று தொடங்கினால் அந்தப் பெல் எங்கேயாவது திரும்ப வர வேண்டும். வராவிட்டாலும், ஏன் வரவில்லை என்றாவது நமக்குத் தெரிய வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் வெயில் என்கிற பிள்ளை தாளில் மட்டும் ஏன் ஆதவன் என்கிறான்? முதல் வரிக்குப் பட்டுச்சட்டை போட்டுவிட்டு, ஐந்தாவது வரியில் பழைய பனியனுக்குத் திரும்பிவிடுகிறான். "செங்கதிரோன் உதித்தெழ" என்று தொடங்கி "அப்பறம் அவன் போயிட்டான்" என்று இறங்கினால் இரண்டு பேர் எழுதினது மாதிரி இருக்கும். இப்போது சிலர் போனில் கேட்டு முன்னுரையை மட்டும் எழுதி வருகிறார்கள். அங்கேயும் இதே பட்டுச்சட்டைதான், துணி மட்டும் கொஞ்சம் வேறு. எழுத்து நடையில் எழுதுங்கள், ஆனால் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பேச்சுத் தமிழ் உரையாடலுக்குள் வரட்டும். அப்புறம், இலக்கணப்படி 'ஒரு ஊரில்' தவறு, 'ஓர் ஊரில்' சரி. பாட்டி கதை சொல்லும்போது இதைத் திருத்தப் போக வேண்டாம்.

தேர்வில் இதெல்லாம் எடுபடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் வேண்டும்தான். 'முன்னுரை' என்ற தலைப்பை எழுதுங்கள், அடிக்கோடு போடுங்கள். அதற்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்று நான்கு வாக்கியம் போதும். தண்ணீர் ரயில் அந்த இடத்தில் தாராளமாக நிற்கும்.

நேரம் இடித்தால் நான் சொல்லிக்கொடுக்கிற வழி இதுதான்: முன்னுரை என்று எழுதி, ஐந்து வரி காலியாக விடுங்கள். நன்றாகத் தெரிந்த பகுதியிலிருந்து கட்டுரையை எழுதிக்கொண்டு போங்கள். முடித்துவிட்டுத் திரும்பி வந்தால், எதைப் பற்றி எழுதினோம் என்று அப்போதுதான் நமக்கே தெரிந்திருக்கும். அந்த ஐந்து வரியை நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது.

சைக்கிள் பெல் பையன் இதை அப்படியே பிடித்துக்கொண்டான். அரையாண்டுத் தேர்வில் 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று கட்டுரை. முன்னுரை என்று எழுதி, அடிக்கோடு போட்டு, ஐந்து வரி விட்டிருந்தான். நிரப்ப மறந்துவிட்டான். காலி இடத்துக்குக் கீழே, "செவ்வாய்க்கிழமை மட்டும் எங்கள் தெரு நாய்கள் குரைக்காது. எல்லாம் கறிக்கடைக்குப் போயிருக்கும்" என்று கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரை படித்தேன். அப்புறம் சிவப்பு மையால் ஓர் அம்புக்குறி போட்டு, 'முன்னுரை' என்ற தலைப்பை ஐந்து வரி கீழே இறக்கிவிட்டு, மதிப்பெண் போட்டேன்.